முதுகுப் பக்கம்

அத்தியாயம் 14

கடிதத்தைப் பெரியவள் படித்தாளா, படிக்கவில்லையா என்று ஒரு வாரமாக என் பிராணனை வாங்கிவிட்டீர்கள். படித்தாள். துவைக்கப் போடுவதற்கு முன் சட்டைப் பைகளைத் துழாவுவது அவள் பழக்கம். படித்து முடித்து, இருந்த மடிப்பிலேயே மடித்து, அப்பாவின் தலையணைக்கு அடியில் செருகிவிட்டாள். பையில் வைத்தது இங்கே எப்படி வந்தது என்று அவர் ஒரு நிமிடம் விழித்தார். பிறகு, நாம்தான் வைத்திருப்போம், வயசாகிவிட்டது என்று தன் தலையிலேயே பழியைப் போட்டுக்கொண்டார்.

இந்த வாரம்தான் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக இரண்டு வரி. டிரைவர் என்று நான் சொல்வது முப்பத்தோரு வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவரை. மனைவி போனபின் எட்டு வருடமாகப் பெரியவள் வீட்டில் இருக்கிறார். பெரியவளின் கணவனுக்கு வெளியூரில் வேலை. சின்னவள் ஒரு பிளம்பரைக் கட்டிக்கொண்டு போனவள். அக்காவின் வாசற்படி ஏற அவளுக்கு அனுமதி இல்லை. டிரைவருக்கு இப்போது சின்னவளோடு போய் இருக்க ஆசை. சொல்லிப் பார்த்தார். பெரியவள் வாக்குவாதம் செய்யவில்லை. நேரே முதியோர் நல அலுவலகத்துக்குப் போய், அப்பாவுக்கு நினைவு தடுமாறுகிறது, என்னை அவருடைய பொறுப்பாளராகப் பதியுங்கள் என்று மனுப் போட்டுவிட்டாள். பதிந்துவிட்டால் அவள் கையெழுத்தில்லாமல் அவர் எந்த வீட்டுக்கும் மாற முடியாது.

நினைவு தடுமாற்றமாவது மண்ணாவது. இரண்டு தடவை அடுப்பை அணைக்க மறந்தார். இதை எழுதுகிற நான் இந்த மாதத்திலேயே மூன்று தடவை மறந்தாயிற்று.

அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் இதுதான்: வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, துணை யாருமின்றித் தாங்களே நேரில் வந்து, யாரோடு இருக்க விருப்பம் என்பதைச் சொல்லவும்.

இன்று வெள்ளிக்கிழமை.

*

காலை பதினொரு மணிக்கு ஷூ கடையில் டிரைவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தினமும் நாற்பது நிமிடம் நடக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்து மூன்று வாரமாயிற்று. மூன்று வாரமும் சும்மா இருந்த பெரியவள், இன்று காலையில் எழுந்ததும், "கிளம்புங்கப்பா, நடக்கறதுக்கு வேண்டியதெல்லாம் வாங்கிட்டு வந்துடலாம்," என்றாள்.

டிரைவருக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போய்விடலாம் என்று அவர் மூன்று நாளாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தத் திட்டத்துக்கு அவளே வந்து ஷூ வாங்கித் தருகிறாள்.

"காலை ஊணி நில்லுங்கய்யா," என்றார் கடைக்காரர், அளவுப் பலகையைத் தரையில் வைத்து. "உக்காந்துட்டு அளந்தா தப்பா வரும். நின்னா பாதம் விரியும். உண்மையில சாயங்காலம் வந்திருக்கணும். நாள் பூரா நடந்து கால் கொஞ்சம் வீங்கினப்புறம் எடுக்கிற அளவுதான் சரியான அளவு."

"எனக்குச் சாயங்காலம் வேலை இருக்கு," என்றாள் பெரியவள். "இவருக்கு நேரம் காலமெல்லாம் ஒண்ணுதான். பாருங்க."

டிரைவர் நின்றார். வலது பாதம் இடதைவிட அரை அளவு பெரிதாக இருந்தது.

"முப்பத்தோரு வருஷம் பிரேக் மிதிச்ச காலு," என்றார் டிரைவர் கடைக்காரரிடம். "பெரிசாத்தான் இருக்கும்."

"அந்த நகத்தைப் பாருங்க," என்றாள் பெரியவள், கடையில் இருந்த மற்ற இரண்டு பெண்களுக்கும் கேட்கிற மாதிரி. "வெட்டிவிட ஆள் வேணும். குளிச்சா துவட்டிக்கத் தெரியாது. ஈரக் காலோட வந்து கட்டில்ல ஏறுவார். குழந்தைன்னா ரெண்டு அடி போடலாம்."

அந்தப் பெண்கள் பாவமே என்று பார்த்தார்கள். யாரைப் பாவம் என்று நினைத்தார்கள் என்பதில் சந்தேகம் வேண்டாம். டிரைவர் கட்டைவிரலை மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டார்.

கடைக்காரர் நல்ல மனிதர், தொழில் தெரிந்தவர். பெரிய காலுக்குத்தான் அளவு எடுக்க வேண்டும் என்றார். ஷூவைக் கையில் பிடித்து வளைத்துக் காட்டினார். விரல் மடங்குகிற இடத்தில் மட்டும் வளைய வேண்டும், நடுவில் வளைந்தால் அதைத் தூக்கி எறி என்றார். குதிகாலைப் பிடிக்கிற பகுதியை அமுக்கினால் உள்ளே போகக் கூடாது. பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். சாக்ஸ் பருத்தியில், மேல் விளிம்பு இறுக்காததாக வேண்டும். கணுக்காலில் வளையம் மாதிரி தடம் விழுந்தால் அந்த சாக்ஸ் ஆகாது.

டிரைவர் ஷூவைத் திருப்பி அடிப்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். பள்ளங்களில் நகத்தை விட்டு ஆழம் பார்த்தார்.

"டயர் நல்லா இருக்கு. மழையில வழுக்காது."

"அப்படித்தான் பார்க்கணும்யா," என்று சிரித்தார் கடைக்காரர். "போட்டு நாலு அடி நடங்க. விரிப்பு மேல வேண்டாம், வெறும் தரையில நடங்க. எங்கேயாவது கடிக்குதா?"

"கடிக்கல," என்றாள் பெரியவள்.

கடைக்காரர் அவளைப் பார்த்தார். பிறகு டிரைவரைப் பார்த்தார்.

"கடிக்கலீங்க," என்றார் டிரைவர்.

நிஜமாகவே கடிக்கவில்லை. எட்டு வருடத்தில் அவள் அவருக்கு வாங்கிக் கொடுத்தவற்றிலேயே அதுதான் ஆக நல்ல பொருள்.

"ஒரு கைத்தடியும் எடுத்துக்கலாம்மா," என்றார் கடைக்காரர். "அடியில ரப்பர் வெச்சது. ஆரம்பத்துல ஒரு தைரியத்துக்கு."

"தடியெல்லாம் எதுக்கு? எங்கப்பா ஜோரா நடப்பார். எவ்வளவு தூரம் வேணும்னாலும் போவார். இல்லப்பா?"

டிரைவருக்குச் சட்டென்று ஒரு மாதிரியாகிவிட்டது. அவள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்து எத்தனை நாளாயிற்று. இவளை ஏமாற்றிவிட்டுப் போகிறோமே என்றுகூட ஒரு நொடி வருந்தினார். வருந்தாதீர்கள் டிரைவர் என்று எனக்குக் கத்தத் தோன்றுகிறது, ஆனால் எழுதுகிறவள் கத்தி என்ன பிரயோசனம்.

கடைசியாகக் கடைக்காரர் ஒரு மேலங்கியை எடுத்துக் காட்டினார். கையில்லாதது, பளீரென்ற பச்சை, முன்னாலும் பின்னாலும் வெள்ளிப் பட்டை. வெளிச்சம் பட்டால் மின்னும். இருட்டினபிறகு திரும்பி வருகிறவர்களுக்கு இது அவசியம், வண்டிக்காரன் தூரத்திலேயே பார்த்துவிடுவான் என்றார்.

டிரைவர் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். நெஞ்சை நிமிர்த்தினார். ஓய்வு பெற்ற நாளன்று யூனிஃபார்மைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தபிறகு, போட்டுக்கொள்ள இப்படி ஒரு சட்டை அவருக்குக் கிடைக்கவில்லை.

"யூனிஃபார்ம் மாதிரி இருக்கு," என்றார்.

"பிடிச்சிருக்கா?"

"நல்லா இருக்கும்மா."

"தோள்கிட்ட கொஞ்சம் தூக்கிட்டு நிக்குது. குடுங்க, பக்கத்துக் கடையில சரி பண்ணி வாங்கிட்டு வரேன். நீங்க இங்கேயே நடந்து பழகுங்க."

பக்கத்தில் இருந்தது தையல் கடை இல்லை. விளையாட்டுக் குழுக்களின் சட்டையிலும் காவலாளிகளின் சட்டையிலும் எழுத்து அச்சடித்துக் கொடுக்கிற கடை. அவள் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டே வந்திருந்தாள்.

அச்சுக்காரர் சீட்டைப் படித்தார். ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்தார்.

"எழுத்து எவ்வளவு பெரிசா வேணும்மா?"

"பத்தடி தூரத்துல வர்றவங்க படிக்கணும். முதுகு முழுக்க போடுங்க. முன்னால எதுவும் வேண்டாம்."

"பாவம்மா. எத்தனை நாளா இப்படி?"

"இப்பதான் ஆரம்பம்," என்றாள் பெரியவள்.

*

மதியம் இரண்டு மணிக்கு டிரைவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சின்னவளின் அழைப்பை எடுத்தார்.

சின்னவள் மருந்துக் கிடங்கில் அட்டைப் பெட்டி கட்டுகிறவள். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, இருக்கிற ஒரே அறையில் அலமாரியைச் சுவரோரம் தள்ளி, அப்பாவுக்குக் கட்டில் போட்டிருந்தாள். அவள் கணவன் காலையிலேயே குளியலறைச் சுவரில் ஒரு இரும்புப் பிடி அடித்துவிட்டு வேலைக்குப் போயிருந்தான். மாமனார் அவனோடு இதுவரை பேசியது மொத்தம் நான்கு வார்த்தை இருக்கும். அப்படியும் பிடியை அடித்தான்.

"அப்பா, நாலு மணிப்பா. அரை மணி முன்னாடியே போயிடாதீங்க, வெளியில நிக்க வைப்பாங்க."

"நான் என்னிக்கு நேரம் தப்பியிருக்கேன்? மூணே காலுக்கு எடுத்தா மூணு அம்பத்தஞ்சுக்குப் போயிடுவேன்."

"நான் வாசல் வரைக்குமாவது வரேனே?"

"தனியா வரணும்னு போட்டிருக்கு. உன்னைப் பார்த்துட்டாங்கன்னா நீ சொல்லிக் குடுத்ததுன்னு ஆயிடும்."

சின்னவள் புதுக் கட்டிலின் விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள்.

"அங்கே என்ன கேட்டாலும் கோவப்படாதீங்கப்பா. உங்களுக்குக் கோவம் வந்தா என்ன பேசறோம்னே தெரியாது."

"சரி."

"முடிஞ்சதும் நானே போன் பண்றேன். இல்ல, நாலரைக்குப் பண்றேன். எடுத்துடுங்க."

"சரின்னு சொன்னேன்ல," என்றார் டிரைவர். வெளியே பெரியவளின் செருப்புச் சத்தம் கேட்டது. முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

*

மூன்று மணிக்குப் பெரியவள் வேலைக்குக் கிளம்பித் தயாராக நின்றாள். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேஜை அவளுடையது. மூன்றரையிலிருந்து எட்டு வரை.

"சேர்ந்தே இறங்கிடலாம்பா. நீங்க நடக்கப் போங்க, நான் வேலைக்குப் போறேன்."

அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, அவளே தரையில் மண்டியிட்டு ஷூ கயிற்றைக் கட்டினாள். அவிழ்ந்து தடுக்கிவிடக் கூடாது என்று இரண்டு முடிச்சுப் போட்டாள். இடுப்பில் தண்ணீர் பாட்டில் பட்டையை மாட்டி, தொப்பியைச் சரி செய்தாள். எதிர் வீட்டுக்காரி பார்த்தால் அழுதுவிடுவாள், அவ்வளவு அருமையான மகள்.

"கையைப் பின்னால நீட்டுங்க," என்று மேலங்கியைப் பின்னாலிருந்து மாட்டிவிட்டு, முன்னால் வந்து ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

இந்த இடத்தில் அவள் தரப்பையும் நான் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது எடுத்துப் போட்டதெல்லாம் இவள். எட்டு வருடமாக அப்பாவின் மாத்திரை, மருந்து, அழுக்குத் துணி எல்லாம் இவள். அந்த எட்டு வருடமும் காலையில் கண் விழித்ததும் அவர் இவளிடம் கேட்ட முதல் கேள்வி, "சின்னவ போன் பண்ணாளா?" என்பதுதான். நீ சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. இவளுக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்த அன்றுகூட வாசலில் நின்று அதையேதான் கேட்டார். அவருடைய கொடுமை சத்தம் போடாத கொடுமை. அது பெரியவளுக்குள் புழுத்துப் போயிருந்தது.

போகட்டும். இப்போது டிரைவர் தெருவில் இறங்கி நடந்துவிட்டார். அவள் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவர் முதுகைப் பார்த்தபடி நிற்கிறாள். நாமும் பார்ப்போம். மேல் பட்டைக்கும் கீழ் பட்டைக்கும் நடுவில், கொட்டை எழுத்தில், கறுப்பாக:

நான் மறதி நோயாளி.
தனியாக இருந்தால்
என் மகளை அழைக்கவும்.

அதற்குக் கீழே அவளுடைய எண்.

*

முதல் சந்திப்பிலேயே டிரைவருக்கு ஆச்சரியம். போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் போலீஸ், அவர் பாதி ரோட்டைத் தாண்டியதும் ஓடிவந்து முழங்கையைப் பிடித்து மறுபக்கம் கொண்டுவந்து விட்டாள்.

"எங்கேய்யா போறீங்க?"

"நேரா போய் இடது பக்கம்மா. முதியோர் நல அலுவலகம்."

"சரிய்யா, சரிய்யா. பத்திரம்," என்றாள், அவர் கன்னத்தைத் தட்டாத குறையாக.

இதே சந்திப்பில் முப்பத்தோரு வருடம் அவர் பேருந்தை நிறுத்தியிருக்கிறார். ஒருத்தன் மரியாதையாகப் பேசியதில்லை. பச்சைச் சட்டைக்கு இவ்வளவு மதிப்பா என்று நினைத்துக்கொண்டார். கால் இரண்டும் பஞ்சு மேல் வைத்த மாதிரி இருந்தது.

சைக்கிள் கடையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து, "தண்ணி வேணுமாய்யா?" என்றார். ஒரு பெண் தன் குழந்தையைச் சட்டென்று பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். பின்னால் யாரோ போனில் தணிந்த குரலில் பேசுவது கேட்டது. டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஓட்டுகிறபோது அவர் கண்ணாடியில்தான் பின்னால் பார்ப்பார். இங்கே கண்ணாடி ஏது.

பல் மருத்துவமனையில் பெரியவளின் போன் மூன்றாவது தடவையாக அடித்தது.

"ஆமாங்க, எங்கப்பாதான்," என்றாள், வருகிறவர்களை உட்காரச் சொல்கிற அதே இனிமையான குரலில். "ரொம்ப நன்றிங்க. எந்தப் பக்கம் போறார்? பெரிய ரோட்டுல நேரா போய் இடது பக்கமா? இல்லல்ல, நிறுத்த வேண்டாம். நிறுத்தினா கோவப்படுவார். போக விடுங்க. எங்கே போறார்னு எனக்குத் தெரியும்."

போனை வைத்துவிட்டு, அடுத்த நோயாளியின் சீட்டை வாங்கிக் கணினியில் ஏற்றினாள். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

*

மூன்று ஐம்பத்தைந்துக்கு டிரைவர் அலுவலகத்தின் இரண்டாவது அறையில் உட்கார்ந்திருந்தார். மேலங்கியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளலாமா என்று வாசலில் ஒரு கணம் யோசித்தார். வேண்டாம், இதில் கொஞ்சம் கம்பீரமாக இருக்கிறோம் என்று விட்டுவிட்டார்.

அதிகாரி நாற்பது வயதுப் பெண். களைத்த முகம், ஆனால் கடுகடுப்பில்லை. அவர் கதவைத் திறந்துகொண்டு வந்து, நாற்காலியை இழுத்து உட்கார்ந்த வரை அவரை முன்பக்கமாகத்தான் பார்த்தாள்.

"தனியா வந்தீங்களா?"

"தனியாத்தான் வந்தேன்."

"எப்படி வந்தீங்க? வழி சொல்லுங்க, கேப்போம்."

இதைவிட நல்ல கேள்வி அவருக்கு யார் கேட்டிருக்க முடியும். வீட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டி, அங்கிருந்து பள்ளிக்கூடம், சந்திப்பு, மரக்கடை, பழைய தபால் நிலையம், இடது பக்கம் திரும்பினால் மூன்றாவது கட்டடம். எது எத்தனை நிமிடம், எங்கே சாலை குண்டும் குழியுமாக இருக்கிறது, எங்கே பேருந்து நின்றால் பின்னால் வண்டிகள் தேங்கும், எல்லாம் சொன்னார். அதிகாரி சிரித்துவிட்டாள்.

"எனக்கே இவ்வளவு தெரியாது. இன்னிக்கு என்ன தேதி?"

சொன்னார். கிழமையும் சொன்னார்.

"உங்க மூத்த மக உங்களுக்குப் பொறுப்பாளரா இருக்கேன்னு மனுப் போட்டிருக்காங்க. உங்க விருப்பம் என்ன?"

டிரைவர் இதை மூன்று நாளாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார்.

"எனக்குப் பொறுப்பாளர் வேண்டாங்க. என் புத்தி என்கிட்ட இருக்கு. நான் சின்னவ வீட்டுல போய் இருக்கப் போறேன். பெரியவ மேல எனக்குக் குறை ஒண்ணும் இல்ல."

அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே எழுதினாள். 'தெளிவாகப் பேசுகிறார்' என்று எழுதியதை டிரைவர் தலைகீழாகவே படித்துவிட்டார். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று இருந்தது.

"ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. அந்த ஓரத்து மேஜையில படிவம் இருக்கும், ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

டிரைவர் எழுந்தார். திரும்பினார். ஓரத்து மேஜையை நோக்கி நான்கு அடி நடந்தார்.

படிவத்தை எடுத்துக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது அதிகாரி பேனாவைக் கீழே வைத்திருந்தாள்.

"ஐயா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க."

"ஏங்க?"

"திரும்புங்க."

திரும்பினார். அவள் போனில் எண்களை அழுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அறை முழுக்க அந்தக் குரல் கேட்டது. ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள்.

"ஆமாம் மேடம், நான்தான் அவரோட மக. உங்ககிட்டதான் இருக்காரா? அப்பாடா. கடவுள் புண்ணியம்."

"இவர் சட்டை முதுகுல உங்க நம்பர் இருக்கு. மறதி நோயாளின்னு போட்டிருக்கு."

டிரைவரின் கை பின்னால் போனது. முதுகைத் தடவினார். அச்சடித்த எழுத்துகள் விரலில் மேடாகத் தட்டுப்பட்டன. தோளிலிருந்து இடுப்பு வரை தட்டுப்பட்டன. பெண் போலீஸ், சைக்கிள் கடைக்காரர், குழந்தையை இழுத்துக்கொண்ட பெண் என்று ஒவ்வொருவராக ஞாபகம் வந்தார்கள். அவமானத்தில் அவருக்குக் காது இரண்டும் கொதித்தது.

"நல்லாத்தான் பேசறாரும்மா. வழியெல்லாம் சொன்னாரே," என்றாள் அதிகாரி.

"ஸ்டாப் ஸ்டாப்பா சொன்னாரா மேடம்?"

அதிகாரி தான் எழுதியிருந்ததை ஒரு தடவை பார்த்தாள்.

"அது ஒண்ணுதான் மேடம் அவருக்கு மிச்சம். இன்னும் பஸ் ஓட்டறதாவே நினைச்சுக்கிட்டிருக்கார். அரை மணி நேரம் நல்லா இருப்பார். அப்புறம் கோவம் வரும். கோவம் வந்தா பெத்த பிள்ளையையே அடையாளம் தெரியாது. அவரைத் திட்டிடாதீங்க மேடம். நான் கிளம்பி வரேன்."

"பொய்," என்றார் டிரைவர். "அத்தனையும் பொய். அவதான் இதை வாங்கினா. அவளே மாட்டிவிட்டா. முன்னால ஒண்ணும் எழுதல பாருங்க, நான் பார்க்கக் கூடாதுன்னு பின்னால எழுதி..." வார்த்தை வேகமாக வந்தது, எச்சில் தெறித்தது. ஜிப்பைப் பிடித்து இழுத்தார். அது கழுத்துத் துணியில் சிக்கிக்கொண்டு இறங்க மறுத்தது. இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார்.

கதவுக்கு வெளியே யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"உக்காருங்க, உக்காருங்க," என்றாள் அதிகாரி. குரல் மாறியிருந்தது. கொஞ்சம் சத்தமாக, கொஞ்சம் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "நான் ரெண்டே ரெண்டு கேள்வி கேக்கறேன். அமைதியா பதில் சொல்லுங்க. இதுல 'என் மகள்'னு போட்டிருக்கு. உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

ஐயோ டிரைவர், இரண்டு என்று சொல்லுங்கள். ஒரே ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டால் சின்னவள் வீட்டுக் கட்டிலில் இன்று ராத்திரியே படுக்கலாம்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கோபம் தலைக்கேறினால் அவர் யாரையும் அடிக்க மாட்டார், தலைமுழுகிவிடுவார். சின்னவள் பிளம்பரோடு போன அன்று சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் இதே கேள்விக்கு ஒரு பதில் சொன்னார். அன்று பெரியவள் அவர் பக்கத்தில்தான் நின்றாள். அந்தப் பதில் இப்போதும் அவர் நாக்கில் தயாராக இருந்தது.

"ஒண்ணு," என்றார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? எனக்கு ஒரே பொண்ணுதான். சின்னவ மட்டும்தான்."

"அப்போ இந்த போன்ல பேசறது யாரு?"

"யாரோ. எனக்குத் தெரியாது. அந்தக் குரலை நான் கேட்டதே இல்ல."

போன் இன்னும் திறந்தே இருந்தது. அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு நோயாளி, டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்பது கேட்டது. பெரியவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அவள் எதிர்பார்த்தது இதைத்தான். எதிர்பார்த்துவிட்டால் வலிக்காது என்று அவள் நினைத்திருந்தாள் போலிருக்கிறது.

"கேட்டீங்கல்ல மேடம்," என்றாள் கடைசியில். "எழுதிக்குங்க."

அதிகாரி பேனாவை எடுத்தாள். முன்பு எழுதியிருந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டாள். அதற்குக் கீழே எழுத ஆரம்பித்தாள். இந்தத் தடவையும் டிரைவர் தலைகீழாகவே படித்தார். 'பிள்ளைகளின் எண்ணிக்கை நினைவில் இல்லை.'

"ரெண்டு," என்றார் டிரைவர். "ரெண்டு பேருங்க. கோவத்துல சொல்லிட்டேன். ரெண்டு பொண்ணுங்க எனக்கு."

"சரி தாத்தா, ரெண்டுதான்," என்றாள் அதிகாரி, எழுதுவதை நிறுத்தாமல். "தண்ணி குடிக்கிறீங்களா?"

நாலரை மணி ஆயிற்று. அவர் சட்டைப் பையில் இருந்த போன் அடித்தது. பச்சை மேலங்கிக்குள் கையை விட்டுத் தடுமாறி அதை வெளியே எடுத்தார். எடுத்து அதிகாரியிடம் காட்டினார்.

"என் பொண்ணு கூப்பிடறா."

"உங்க பொண்ணு இந்த லைன்லதான் இருக்காங்க தாத்தா. இதோ வந்துடுவாங்க," என்றாள் அதிகாரி. ரொம்பவும் அன்பாகத்தான் சொன்னாள். அவர் கையிலிருந்து போனை மெல்ல வாங்கி, மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடினாள். அது உள்ளே அடித்துக்கொண்டே இருந்தது.